பென்சில் சிலுவை

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். நடந்தது. போன வருடம் ஜூலை மாதம், பினாங்கு ஜார்ஜ் டவுனில், பட்டப்பகலில், ஏசி ஓடிக்கொண்டிருந்த ஓர் அறையில் தொடங்கியது. பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இதில் நாய்கூடக் கிடையாது.

இதை அனுபவித்தவள் லினெட். வயது நாற்பத்து மூன்று. பூலாவ் திக்குஸ் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசை வேலை. ஒன்பது வருடமாக நானும் அவளும் ஒரே மேசையில்தான் உட்கார்கிறோம். கற்பனை என்பது அவளிடம் மருந்துக்கும் இல்லை. யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று நிமிடம் தவறாமல் குறித்து வைக்கிற ஜாதி. இந்த விஷயத்தையும் அப்படியே ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நேரங்களில் ஏதாவது பிழை இருந்தால் அது என்னுடையது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் அடையாளக் கார்டு.

லினெட்டின் அம்மா அமலம்மாளுக்கு வயது எழுபது. நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். முப்பது வருடம் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவர். கணவர் இறந்தபின் ஜெலுத்தோங்கில் மகளோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். இந்த நாட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே போனதில்லை. ஆனால் கையில் இருந்தது சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாளக் கார்டு. இங்கே வாழலாம், குடிமகள் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பிறந்தபோது யாரும் போய்ப் பதியவில்லை. தோட்டத்தில் அந்தக் காலத்தில் அப்படி விட்டுப்போனவர்கள் ஏராளம்.

குடிமக்களுக்கான நீல ஐசிக்கு இரண்டு முறை மனுப் போட்டார்கள். இரண்டு முறையும் திரும்பியது. இந்த மண்ணில் பிறந்ததற்கு ஒரு காகிதம் வேண்டும், அது இல்லை. மூன்றாவது மனுவுக்கு நேர்காணல் தேதி வந்திருந்தது. ஜூலை இருபத்தெட்டு. இதுவும் போனால் அம்மா நான்காவது முறை படியேற மாட்டார் என்று லினெட்டுக்குத் தெரியும். முழங்கால் அப்படி, மனசும் அப்படி.

"செத்தா பொட்டியிலயாச்சும் நீல ஐசியோட படுக்கணும்லா," என்று அம்மா விளையாட்டுப் போலச் சொல்வார். சொல்லிவிட்டு டிவியைப் பார்ப்பார். கண் டிவியில் இருக்காது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அம்மாவின் கட்டைவிரலில் ரேகை கிடையாது. ரப்பர் பாலும் ஆசிட்டும் பட்டுப்பட்டுத் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. ரேகை பார்க்கும் மெஷினில் எத்தனை முறை அழுத்தினாலும் திரை வெறுமையாக நிற்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக் கோவில் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அதன் ஞானஸ்நானப் பதிவேடுகள் ஜார்ஜ் டவுனில் ஒரு வட்டார வரலாற்றுக் காப்பகத்தில் பத்திரமாக இருப்பதாக லினெட்டின் அண்ணன் டெரன்ஸ் யாரிடமோ விசாரித்துச் சொன்னான். லினெட் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

லிட்டில் இந்தியாவிலிருந்து பத்து நிமிட நடை. பாட்டுச் சத்தமும் மசாலா வாசனையும் அடங்குகிற ஒரு சந்தில் பழைய மாடி வீடு. மரப்படி ஏறினால் வாசிப்பு அறை. வரவேற்பு மேசையில் சித்தி ஹாஜரா என்ற பெண். பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பம், முப்பது வயதிருக்கும், சிரித்த முகம், ஆனால் விதிமுறையில் ஒரு மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"பேக் லாக்கர்ல வெச்சிருங்கக்கா. பேனா கூடாது. நான் பென்சில் தர்றேன். அழிப்பான் சுத்தமா கூடாது. ஒரு நேரத்துக்கு ஒரு புத்தகம்தான். வரும்போதும் போகும்போதும் இந்தப் புக்ல டைம் எழுதிடுங்க."

லினெட்டுக்கு அந்த வருகைப் புத்தகம் மிகவும் பிடித்துப்போயிற்று. பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். ஜூலை பத்து, திங்கள், உள்ளே 2.00 என்று அழகாக எழுதினாள்.

அறையில் நீள மேசை ஒன்று. அதன் மேல் வரிசையாகச் சாம்பல் நிறப் பஞ்சணைகள். பழைய புத்தகத்தின் முதுகு உடையாமல் இருக்க அதன்மேல்தான் வைத்துப் பிரிக்க வேண்டும். லினெட் 1953ஆம் வருடப் பதிவேட்டைக் கேட்டாள். அம்மாவின் சிவப்பு ஐசியில் அந்த வருடம்தான் இருந்தது. பாதிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. மீதிப் பாதியில் அம்மா இல்லை. 1952ஐக் கேட்டாள். அதிலும் இல்லை. பிறகு 1951.

மணி 3.35. அங்கே இருந்தது.

அமலம்மாள். தகப்பன் இராயப்பன். தாய் சவரியம்மாள். பிறப்பு ஆகஸ்ட் மூன்று, 1951. தாத்தா, பாட்டி பெயர் இரண்டும் சரி. தோட்டமும் சரி. லினெட்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வருடம் இரண்டு முன்னால் இருக்கிறதே என்றால், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிகள் வயதைக் குத்துமதிப்பாக எழுதியவர்கள்தானே?

அப்புறம்தான் ஓரத்தைப் பார்த்தாள்.

பெயருக்கு இடப்பக்கம் ஒரு சின்னச் சிலுவை.

லினெட் கோவிலில் வளர்ந்த பெண். அது என்னவென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஞானஸ்நானம் பெற்ற குழந்தை இறந்துபோனால் உபதேசியார் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை போட்டு வைப்பார். அந்தப் பதிவேட்டில் அப்படி நிறைய இருந்தன. எல்லாம் கறுப்பு மையில். இது ஒன்று மட்டும் பென்சிலில்.

அன்று நகல் கேட்காமலே வீட்டுக்கு வந்தாள். அம்மா சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மா, உங்களுக்கு மூத்தது யாராச்சும் இருந்தாங்களா?"

"நாந்தான் மூத்தவ."

"பொறந்து செத்துப்போனது?"

அம்மாவின் கை நின்றது. "அப்பல்லாம் எத்தனையோ பொறக்கும், எத்தனையோ போவும். அதெல்லாம் உனக்கு எதுக்கு?"

அதற்குமேல் லினெட் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். செவ்வாய் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தனக்குத்தானே வக்கீல் வேலை பார்த்தாள். யாரோ படிக்க வந்தவர் கிறுக்கியதாக இருக்கும். உண்மையான சிலுவை என்றால் மையில்தானே இருக்கும்? என்னிடம்கூடக் கேட்டாள். நானும் "ஆமாம்லா, யாராச்சும் கிறுக்கியிருப்பாங்க" என்றேன். அந்தப் பாவத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

புதன்கிழமை, ஜூலை பன்னிரண்டு. உள்ளே 1.55. அன்று அந்தப் பக்கத்தில் முதல் பெயர் அவளுடையதுதான்.

சித்தி ஹாஜரா கொடுத்த பென்சிலை வாங்கி மேசையில் வைத்தாள். தன் சட்டைக் கையை மடித்து, உள்ளேயிருந்து வேறொரு பென்சிலை எடுத்தாள். கிளினிக் பென்சில். நுனியில் இளஞ்சிவப்பு அழிப்பான் இருந்தது.

பதிவேடு பஞ்சணையில் திறந்து கிடந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பழக்கதோஷம்.

2.10.

அழிப்பானைச் சிலுவையின் மேல் வைத்து மூன்று முறை தேய்த்தாள். அவ்வளவுதான். சிலுவை இல்லை. சாம்பல் துகள்களை மெதுவாக ஊதிவிட்டாள்.

அவள் ஊதி முடித்தாள்... ஆனால் மூச்சுச் சத்தம் முடியவில்லை. யாரோ நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தார்கள். ரொம்ப நேரம் தண்ணீருக்குள் இருந்துவிட்டு மேலே வந்தவர்கள் இழுப்பது மாதிரி.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

ஏசி சத்தம் நின்றிருந்தது. குளிர் மட்டும் நிற்கவில்லை.

ஒரு வாசனை வந்தது. புளித்த பால். கூடவே தோட்டத்துப் புகைவீட்டில் காயும் ரப்பர் ஷீட்டின் நாற்றம். லினெட் சின்ன வயதில் விடுமுறைக்குப் போனபோது முகர்ந்த நாற்றம். அதற்குப் பிறகு முகர்ந்ததே இல்லை.

பிறகு அந்தச் சத்தம்.

ச்சப்... ச்சப்... ச்சப்...

ஏசித் தண்ணீர் சொட்டுகிறது என்று நினைத்தாள். மேலே பார்த்தாள். எங்கேயும் சொட்டவில்லை.

ச்சப்... ச்சப்...

மேசைக்கு அந்தப் பக்கம். எதிர்ப் பஞ்சணையிலிருந்து.

அந்தப் பஞ்சணையில் புத்தகம் எதுவும் இல்லை. வெறுமையாகத்தான் இருந்தது.

ஆனால் நடுவில் குழி விழுந்திருந்தது.

ஒரு முழ நீளத்துக்கு.

லினெட் பார்த்துக்கொண்டே இருந்தாள்... குழி மெதுவாகப் புரண்டு படுத்தது.

எப்படி எழுந்தாள், எப்படி வரவேற்பு மேசைக்கு வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. நோட்டில் அந்த இடத்தில் "2.13" என்று மட்டும் இருக்கிறது.

"என்னாக்கா, மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு?"

"உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா?"

"இன்னிக்கு நீங்க ஒரே ஆள்தான்கா. புக்கப் பாருங்க."

லினெட் பார்த்தாள். அவள் பெயருக்குக் கீழ் வரியில், பெயர் எழுதும் இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை. பென்சில் தூளில் பதிந்தது. மிகச் சின்னது. அவள் தன் சுண்டுவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் பெரிதாக இருந்தது. ரேகை சுருள் சுருளாகத் தெளிவாக இருந்தது, நடுவில் மட்டும் ஒரு கோடு அறுந்திருந்தது. காகிதம் அந்த இடத்தில் ஈரம்.

இந்த இடத்தில் நானாக இருந்தால் ஓடியே போயிருப்பேன். லினெட் ஓடவில்லை. இருபத்தெட்டாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருந்தது. சான்றளித்த நகல் வேண்டும் என்று படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்கினாள். அம்மாவுக்காக என்றால் அவள் அப்படித்தான்.

நகலில் கையெழுத்துப் போடுபவர் காப்பகத் தலைவர் விநாசித்தம்பி. யாழ்ப்பாணக் குடும்பத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருவார். ஜூலை பதினான்கு, உள்ளே 3.30. அவர் பதிவேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஓரத்தில் விரலை வைத்தார்.

"இந்த இடம் கொஞ்சம் தேஞ்ச மாதிரி இருக்கே, பிள்ளை."

"பழைய தாள் சார்," என்றாள் லினெட்.

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். லினெட்டுக்கு அந்த நேரத்தில் அவர் கண்டுபிடித்துத் திட்டியிருக்கலாமே என்று இருந்ததாம். அவர் திட்டவில்லை.

வெளியே 4.05 என்று எழுதினாள். புத்தகத்தின் பழைய வரிகளைப் பார்க்கவே இல்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை.

நகல் ஒரே ஒரு தாள். பிளாஸ்டிக் கோப்பில் போட்டு இடது கையில் அணைத்துக்கொண்டு இறங்கினாள். மரப்படியில் பாதி வருவதற்குள் கை கடுத்தது. தெருவுக்கு வந்தபோது தோளே இறங்கியது. கிராப் காரைக் கூப்பிட்டாள். ஓட்டுநர் பெயர் இமான் என்று போனில் காட்டியது. சின்ன வயது மலாய்க்காரர், மரியாதையான ஆள். அவள் ஏறியதும் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். ஏசியின் முகத்தை மேலே திருப்பிவிட்டார்.

"பரவாயில்லையா, காக்? குழந்தைக்குக் குளிரும்," என்றார் மலாயில், அக்கா முறை வைத்து.

"எந்தக் குழந்தை?"

அவர் கண்ணாடியில் அவளுடைய இடது கையைப் பார்த்தார்.

பிறகு ஜெலுத்தோங் வரும்வரை அவருடைய உதடுகள் பிரார்த்தனையில் அசைந்துகொண்டே இருந்தன. இறங்கும்போது லினெட் நன்றி சொன்னாள். அவர் திரும்பவே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது 4.50. அம்மா சோபாவில் இருந்தார். மகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை. இடது கையைப் பார்த்தார். பிறகு சோபாவில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். அந்த நொடியில் கோப்பின் கனம் போய்விட்டது.

அன்றிலிருந்து அம்மா கட்டிலிலும் சுவரோரமாக ஒதுங்கிப் படுக்கத் தொடங்கினார்.

ஜூலை இருபத்தெட்டு. பதிவு இலாகாவில் ஹனா என்ற இளம் அதிகாரி. நகலைப் பார்த்தார், தலையாட்டினார், மெஷினை அம்மாவின் பக்கம் நகர்த்தினார். லினெட் வழக்கமான விளக்கத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். ரேகை விழாது, ரப்பர் வேலை, முப்பது வருடம்...

அம்மா கட்டைவிரலை வைத்தார்.

ஒரே தடவைதான். திரையில் ரேகை பளிச்சென்று விழுந்தது.

"நல்லாத் தெளிவா இருக்கே, மக்சிக்," என்று பெரியம்மா முறை வைத்துச் சொன்னார் ஹனா.

சுருள் சுருளான கோடுகள். நடுவில் ஒரு கோடு மட்டும் அறுந்திருந்தது.

லினெட் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலின் நுனி வெளுத்துச் சுருங்கியிருந்தது. எச்சிலில் ஊறிய விரல்.

சுவரில் மணி 2.10.

இந்த வருடம் பிப்ரவரியில் நீல ஐசி வந்தது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். லினெட் அழுதாள். இதற்காகத்தானே எல்லாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு சின்ன நன்றி ஜெபம் வைத்தார்கள். டெரன்ஸ் நிபோங் திபாலுக்குப் போய் நல்லம்மாளைக் காரில் அழைத்து வந்தான். அவர் தோட்டத்தில் தாத்தா இராயப்பனின் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். எண்பது தாண்டியும் ஞாபகம் கத்தி மாதிரி.

ஐசியைக் கையில் வைத்துக்கொண்டு நல்லம்மாள் கேட்டார், "என்னா தேதி போட்டுருக்கான்?"

"ஆகஸ்ட் மூணு, அம்பத்தொண்ணு," என்றாள் லினெட்.

நல்லம்மாள் கார்டைக் கீழே வைத்துவிட்டார். அறைக்குள் பார்த்தார். அம்மா கட்டிலில் சுவரோரமாக ஒதுங்கித் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் வாய்க்குள் இருந்தது. நல்லம்மாள் லினெட்டின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

"அது மூத்தவ பொறந்த தேதிலா."

"அம்மாதானே மூத்தவங்க?"

"ஏழு மாசத்துல போயிருச்சு, காய்ச்சல்ல. அப்புறந்தான் ஒங்கம்மா பொறந்தா. அதே பேரையே வெச்சாங்க. போன புள்ளையோட பேர அடுத்ததுக்கு வெக்கிறது அப்ப வழக்கம். வெச்ச நாள்லேருந்து ஒங்கம்மாவுக்குச் சொகமில்ல. பால் குடிக்காது. பக்கத்துல யாரோ படுத்திருக்கிற மாரி ஒதுங்கி ஒதுங்கிப் படுக்கும். நாளாக நாளாக ஓரமா போயிக்கிட்டே இருக்கும். சாவப்போவுதுன்னே நெனச்சோம்."

"அப்புறம்?"

"உபதேசியாரு பொஸ்தகத்தக் கொண்டாரச் சொன்னாரு. நாந்தான் கோயில்லேருந்து தூக்கிட்டு வந்தேன். எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. பாத்தா, மூத்தவ பேருக்குச் சிலுவை போட மறந்துட்டாரு மனுசன். பேரு தொறந்தே கெடந்துருக்கு. பேனா எடுக்கக்கூட வீட்டுக்குப் போவல. காதுல சொருவியிருந்த பென்சில எடுத்து அந்த எடத்துலயே போட்டாரு. அன்னிக்குச் சாயங்காலமே ஒங்கம்மா பால் குடிச்சா."

லினெட் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் திங்கள். காப்பகம். உள்ளே 1.50.

அவள் 1951 பதிவேட்டைக் கேட்டாள். கூடவே தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவேடு ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டாள். இருந்தது. சித்தி ஹாஜரா முதலில் அதைத்தான் கொண்டுவந்தாள்.

மார்ச் ஒன்பது, 1952. அமலம்மாள். பெண். ஏழு மாதம். காய்ச்சல். இறந்த நேரம், பகல் 2.10.

வருகைப் புத்தகத்தில் போன ஜூலைப் பக்கத்தையும் புரட்டினாள். பன்னிரண்டாம் தேதி, அவள் பெயருக்குக் கீழே அந்தச் சின்ன ரேகை அப்படியே இருந்தது. பதினான்காம் தேதி, அவள் 4.05 என்று எழுதியிருந்ததற்குக் கீழே, வெளியே போன நேரம் எழுதும் இடத்தில்...

இன்னொரு ரேகை.

கூட்டிக்கொண்டு போனவள் அவள்தான்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 1951ஐ வாங்கினாள். பஞ்சணையில் வைத்துப் பிரித்தாள். அதே பக்கம். அதே பெயர். ஓரம் காலி. பென்சிலை எடுத்தாள். ஒரு நிமிட வேலை. கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு.

முனை தாளைத் தொட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த வரி இப்போது யாருடையது? இந்தத் தேதி அம்மாவின் ஐசியில் இருக்கிறது. இந்தப் பிறப்பு அம்மாவின் பிறப்பு என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இந்த நாட்டில் அம்மாவுக்கு இருக்கிற ஒரே பிறப்பு இதுதான். இதன்மேல் சிலுவை போட்டால்...

கை வரவில்லை.

வெளியே ஓடிவந்து படிக்கட்டில் நின்று வீட்டுக்குப் போன் போட்டாள்.

"மா, சாப்பிட்டீங்களா?"

"எனக்குப் பசிக்கல," என்றார் அம்மா. ரொம்ப மெல்லிய குரல். "அதுக்குக் குடுத்துட்டேன்."

"எதுக்கு மா?"

ரிசீவருக்கு மிகப் பக்கத்தில்...

ச்சப்... ச்சப்... ச்சப்...

போனில் மணி 2.10.

அன்று அவள் சிலுவை போடாமல்தான் திரும்பினாள். நாலு மாதம் ஆகிறது. இன்னும் போடவில்லை. பாதிரியாரைக் கூட்டிவந்து வீட்டை மந்திரித்தார்கள், டாக்டரிடம் காட்டினார்கள், வயசுதான் காரணம் என்றார் டாக்டர். லினெட் மதிய உணவு நேரத்தில் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். "நீயா இருந்தா போடுவியா?" ஒரு தடவை வாய்க்கு வந்ததைச் சொல்லி மாட்டிக்கொண்டவள் நான். இப்போது சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

நோட்டில் கடைசியாக இருப்பது நேற்றைய குறிப்பு. காலை 6.40, அம்மா பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கட்டிலில் அவருக்கு மிச்சமிருக்கிற இடம் ஒரு சாண்.

பென்சில் எங்கள் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. தினமும் அதைச் சீவி வைக்கிறாள்.